டிக்கெட் விலையைக் கூட்ட வேண்டாம், ஒட்டுத்துணிப் போர்வைக்கு ஒரு கண்காட்சி வைப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அருங்காட்சியகங்களைப் பராமரிக்கப் பணம் போதவில்லை, நுழைவுக் கட்டணத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று வாசகர் ஒருவர் இந்தப் பகுதியில் எழுதியிருந்தார். பணம் போதவில்லை என்பது சரி. கட்டணத்தைக் கூட்டுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. செயின்ட் லூயி வீதி அருங்காட்சியகத்துக்குப் புதுச்சேரிக்காரர்கள் எத்தனை பேர் தாங்களாகப் போகிறோம்? அரிக்கமேட்டில் தோண்டியெடுத்த மணிகளும் பானை ஓடுகளும் அங்கே இருக்கின்றன, சோழர் காலத்து வெண்கலச் சிலைகள் இருக்கின்றன. ஆனால் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் முதலில் கடற்கரை, அடுத்து மணக்குள விநாயகர் கோயில், அப்புறமும் நேரம் மிச்சமிருந்து வெயிலும் தாங்க முடியாமல் போனால்தான் அது. எட்டியே பார்க்காதவர்களிடம் இன்னும் பத்து ரூபாய் கேட்டு என்ன கிடைத்துவிடும்?

நான் முதலியார்பேட்டையில் தையல் வகுப்பு நடத்துகிறவள். எனக்குத் தெரிந்தது துணிதான் என்பதால் துணியை வைத்தே ஒரு யோசனை சொல்கிறேன், சிரிக்காமல் படியுங்கள். ஊர்ப் பெண்கள் கூடி ஒட்டுத்துணிப் போர்வைகள் தைத்து, ஒரு மண்டபத்தில் அவற்றைத் தொங்கவிட்டுக் கண்காட்சி வைத்து, வருகிற பணத்தை உள்ளூர் அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பது. அமெரிக்காவில் குயில்ட் ஷோ என்கிறார்கள். அங்கே இது சர்வசாதாரணம்.

என் மகள் ஒஹாயோ மாநிலத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே போயிருந்தபோது பக்கத்துச் சிற்றூரில் நடந்த ஒரு கண்காட்சிக்கு அழைத்துப் போனாள். அந்த ஊர் அருங்காட்சியகம் என்பது ரயில் நின்றுபோன ஒரு பழைய ஸ்டேஷன் கட்டடம். உள்ளே ஒரு ஏர், சில பால் கேன்கள், போருக்குப் போனவர்களின் சீருடை, பழைய பள்ளிக்கூடத்து மணி, இவ்வளவுதான், நம் வீட்டுப் பரணில் இதைவிட அதிகம் இருக்கும். கூரை ஒழுகுகிறது, அதை மாற்றத்தான் கண்காட்சி. இடம் ஒரு மாதா கோயில். உட்காரும் நீள பெஞ்சுகள் ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு போர்வையைப் போட்டு, உள்ளே நுழைந்ததும் கண் கூசுகிற மாதிரி வைத்திருந்தார்கள். நுழைவுச் சீட்டுக்குச் சில டாலர். வெள்ளைக் கையுறை போட்ட பாட்டிமார் அங்கங்கே நிற்கிறார்கள், பின்பக்கத் தையலைப் பார்க்க வேண்டும் என்று நாம் கேட்டால் அவர்கள்தான் நுனியைத் தூக்கிக் காட்டுவார்கள், நாம் தொடக் கூடாது, ஏனென்றால் கை எண்ணெயும் வியர்வையும் துணிக்கு ஆகாது. ஒவ்வொரு போர்வையின் பக்கத்திலும் யார் தைத்தது, எந்த ஆண்டு, யாருக்காக என்று ஒரு அட்டை. பிடித்த போர்வைக்கு ஓட்டுப் போடலாம், ஆனால் ஓட்டுச் சீட்டுக்குப் பதில் உண்டியலில் காசு, எந்த உண்டியல் கனக்கிறதோ அந்தப் போர்வைக்கு மக்கள் பரிசு. (நம் ஊர் அரசியல்வாதிகளுக்கு இதை யாரும் சொல்லிவிடாதீர்கள்.)

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ஒரு கட்டில். கட்டில் மேல் பழைய போர்வைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். குறித்த நேரத்துக்கு எல்லோரும் சுற்றி நாற்காலி போட்டு உட்கார, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து ஒவ்வொன்றாக விரித்துக் காட்ட, ஒருவர் அதன் கதையைச் சொல்கிறார். இது அம்மாவின் மாவு மூட்டைத் துணியில் தைத்தது, இது கல்யாணத்துக்குத் தைத்து கல்யாணம் நின்றுபோனது என்கிற மாதிரி. மகள் காதில் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தாள், பாதிக்கு மேல் அவளே வாயடைத்துப் போனாள். இன்னொரு மேசையில் மிச்சத் துணிகளை எடை போட்டு விற்றார்கள். வாசலில் காபியும் கேக்கும், அதுவும் அருங்காட்சியகக் கணக்குக்கே. ஸ்டாண்டு மாட்டுவது, நாற்காலி தூக்குவது எல்லாம் வீட்டு ஆண்கள், ஒருவர்கூட முணுமுணுத்த மாதிரி தெரியவில்லை.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை: குயில்ட் என்பது மூன்று அடுக்கு. மேலே துண்டுகளைச் சேர்த்துத் தைத்த துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரே துணி. மூன்றையும் சேர்த்து முழுக்க ரன்னிங் தையல் போட்டு இறுக்கி, ஓரத்துக்குப் பட்டி அடிப்பார்கள். நாலைந்து பேர் சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்தால் பேச்சு ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம் ஓடும். இப்படிக் கூடித் தைத்துப் பணம் திரட்டுவது அவர்களுக்குப் பழைய பழக்கம். 1861இலிருந்து 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் சிப்பாய்களின் மருத்துவச் செலவுக்காகப் பெண்கள் பெரிய பெரிய சந்தைகள் நடத்தினார்கள், அங்கே போர்வைகளும் விலைக்குப் போயின. அப்புறம் கையெழுத்துப் போர்வை என்று ஒன்று வந்தது: சிறிய தொகை கொடுத்தால் உங்கள் பெயரை அதில் நூலால் பூத்தையல் போட்டுத் தருவார்கள், எல்லாப் பெயரும் நிரம்பியதும் முழுப் போர்வையை ஏலம் விட்டு இரண்டாவது முறையும் பணம் பார்ப்பார்கள். 1917, 1918இல் முதல் உலகப் போர் சமயத்தில் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு இந்த முறையில் ஊர் ஊராகப் பணம் சேர்ந்தது. மாதா கோயிலுக்கு ஆர்கன் வாங்குவதிலிருந்து பள்ளிக்கூடக் கூரை வரை எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

சின்ன ஊர்களால் என்ன முடியும் என்று கேட்பவர்களுக்கு இரண்டு ஊர் சொல்கிறேன். ஓரெகன் மாநிலத்தில் சிஸ்டர்ஸ் என்று ஒரு சிற்றூர். 1975இல் அங்கே ஒரு கடைக்காரப் பெண்மணி பத்துப் பன்னிரண்டு போர்வைகளைக் கடை வாசலில் தொங்கவிட்டார். இன்று ஜூலை இரண்டாவது சனிக்கிழமை அந்த ஊரின் எல்லாக் கடை வாசலிலும் போர்வைதான். கென்டக்கியில் படூகா என்று இன்னொரு ஊர், மக்கள்தொகை சுமார் 27,000, நம் நெல்லித்தோப்பும் உருளையன்பேட்டையும் சேர்ந்தாலே அதைத் தாண்டிவிடும் என்று நினைக்கிறேன். 1991இல் அங்கே போர்வைகளுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள். 2013இல் யுனெஸ்கோ அந்த ஊரைப் படைப்பு நகரங்களின் பட்டியலில் சேர்த்தது. நெப்ராஸ்காவில் லிங்கன் நகரப் பல்கலைக்கழகத்துக்கு 1997இல் ஒரு தம்பதியர் தங்கள் சேகரிப்பிலிருந்து ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான போர்வைகளைக் கொடுத்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய சர்வதேசக் குயில்ட் அருங்காட்சியகம்.

சரி, நம் ஊருக்கு வருவோம். இந்த யோசனையை யாரிடம் சொன்னாலும் உடனே வருகிற பதில், "இந்த வெயிலுக்குப் போர்வையா?" நியாயமான கேள்விதான். சித்திரையில் மெல்லிய வாயில் புடவையே பாரமாக இருக்கிற ஊர் இது. ஆனால் பஞ்சு வைத்தே ஆக வேண்டும் என்று யார் சொன்னது? வங்காளத்துக் காந்தா வேலையைப் பாருங்கள், பழைய மெல்லிய புடவைகளை இரண்டு மூன்று அடுக்காக வைத்து மேலேயே கைத்தையல் ஓட்டிவிடுகிறார்கள், பஞ்சே கிடையாது. கொல்கத்தா பக்கத்தில் ஜோக்காவில் குருசதய் அருங்காட்சியகத்தில் பழைய காந்தாக்களை வைத்துக் காப்பாற்றுகிறார்கள். பீகாரில் சுஜனி, மகாராஷ்டிரத்தில் கோதடி, கர்நாடகத்தில் கவுதி. வட கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் இருக்கிற சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தியில் பழந்துணித் துண்டுகளை ஓரத்திலிருந்து தொடங்கி உள்நோக்கிச் சுற்றிச் சுற்றித் தைத்துக்கொண்டே போய் நடுவில் முடிக்கிறார்கள், நாலு மூலையிலும் மடித்த துணியில் பூ மாதிரி ஒன்று வைக்கிறார்கள். அளவெடுப்பதும் இல்லை, தாளில் வரைவதும் இல்லை. பாடத்திட்டம் போட்டுச் சொல்லிக்கொடுக்கிற எனக்கு அதைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது.

நம்மிடமும் இல்லாமல் இல்லை. வில்லியனூர்த் தேரைப் பார்த்திருப்பீர்கள், தேரைச் சுற்றித் தொங்குகிற தொம்பைகள் எல்லாமே துணி மேல் துணி வெட்டி ஒட்டித் தைத்த வேலைதான், தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துக் கைகள் தலைமுறைகளாகச் செய்து வருவது. கோயிலுக்கு என்றால் ஒட்டுவேலை அழகு, வீட்டுக்கு வந்தால் அது வறுமை. இதுதான் நம் சிக்கல். "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்று சொல்லி வளர்த்தார்களே தவிர, ஒட்டுப்போட்டதை நாலு பேர் பார்க்கக் கொடியில் காயப்போட எந்த அம்மாவும் விரும்பியதில்லை. பிள்ளை பிறந்த வீட்டில் தாத்தாவின் பழைய வேட்டியையும் பாட்டியின் புடவையையும் நாலாக மடித்துத் தைத்துக் குழந்தைக்குக் கீழே போடுவோம், அதைவிட மெத்தென்ற விரிப்பு எந்தக் கடையிலும் கிடையாது, ஆனாலும் வெளி ஆள் வந்தால் அதை உருவிவிட்டுக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் ஷீட்டை விரிப்போம். இளைய பிள்ளைகளிடம் இந்த வெட்கம் குறைந்துவிட்டது. 2019 ஜனவரியில் சென்னையில் இந்தியா குயில்ட் திருவிழா நடந்தபோது படித்த பெண்கள், வேலையில் இருக்கிற பெண்கள் எல்லாம் தங்கள் போர்வைகளை மாட்டி வைத்தார்கள். சென்னைக்காரர்களுக்கு முடிந்தது நமக்கு முடியாதா?

இன்னும் சொல்லப்போனால் நமக்குத்தான் அதிக உரிமை இருக்கிறது. புதுச்சேரி துணியால் வாழ்ந்த ஊர். 1945இல் அரிக்கமேட்டைத் தோண்டிய மார்ட்டிமர் வீலர் அங்கே கண்ட செங்கல் தொட்டிகளைத் துணிக்குச் சாயம் போடும் தொட்டிகள் என்றுதான் கருதினார். பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கிருந்து அவுரிச் சாயம் ஏற்றிய நீலத் துணி கப்பல் கப்பலாக ஆப்பிரிக்காவுக்குப் போனது. கினே என்று அதற்குப் பெயர். செனகல் ஆற்றுப் பக்கம் கோந்து வாங்க அந்தத் துணியே காசு மாதிரி செல்லுபடியானது. அதே துணியைக் கொடுத்து மனிதர்களை அடிமையாக வாங்கினார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். பிறகு பஞ்சாலைகள். 1898இல் தொடங்கிய ரோடியர் மில்லைத்தான் நாம் ஏ.எஃப்.டி. என்கிறோம், அது தவிர சுதேசி, பாரதி. 1936 ஜூலை 30 அன்று போராடிய தொழிலாளர்கள் மேல் பிரெஞ்சு அரசு சுட்டதில் 12 பேர் இறந்தார்கள், அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலை சட்டமானது. ஆண்டுதோறும் மாலை போடுகிறோம். சரி, அந்த ஆலைகளில் என்ன துணி நெய்தார்கள், அதன் அகலம் என்ன, விளிம்பில் என்ன முத்திரை என்று கேட்டால் என் வகுப்புக்கு வருகிற பிள்ளைகளுக்குப் பதில் தெரியாது. அவர்கள் தாத்தா அதே ஆலையில் தறி ஓட்டியவராக இருப்பார்.

எங்கள் தெருவில் காலையில் எழுவதற்கே ஆலைச் சங்குதான் கணக்கு. என் அப்பாவும் அங்கேதான் இருந்தார். தீபாவளிக்கு ஆலைத் துணி வரும், ஒரே சாயலில் எங்கள் மூன்று பேருக்கும் பாவாடை, மிச்சத்தில் தலையணை உறை. 2011 கடைசியில் தானே புயல் ஏ.எஃப்.டி. ஆலையைச் சின்னாபின்னமாக்கியது, 2020 ஏப்ரலோடு ஒரேயடியாக மூடினார்கள். இரும்பு பழைய இரும்புக்குப் போகும், கட்டடம் என்ன ஆகுமோ அது அரசின் முடிவு. ஆனால் அந்தத் துணி இன்னும் பல வீட்டு டிரங்குப் பெட்டிகளில் இருக்கிறது, வசம்பும் வேப்பிலையும் போட்டு வைத்திருக்கிறார்கள், அதை வைத்திருக்கிற பாட்டிமாருக்கு எண்பது தாண்டிவிட்டது. அவர்களுக்குப் பின்னால் அது துடைக்கிற துணி ஆகிவிடும். அதனால்தான் இத்தனை அவசரப்படுகிறேன். நான் கேட்பது நம் ஊர் அருங்காட்சியகத்தில் துணிக்கென்று ஒரே ஒரு அறை. கினே துணியிலிருந்து ஏ.எஃப்.டி. வரை. அந்த அறைக்கான செலவைத்தான் போர்வைக் கண்காட்சியில் திரட்டலாம் என்கிறேன்.

எப்படி நடத்துவது என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அமெரிக்காவில் ஒரு போர்வையைக் குலுக்கலுக்கு வைத்து ஆளுக்கு ஒரு டாலர் சீட்டு விற்பதுதான் பெரிய வருமானம். அதை இங்கே அப்படியே எடுக்க வேண்டாம். பக்கத்துத் தமிழ்நாட்டில் 2003லிருந்து லாட்டரிக்கே தடை, அனுமதியில்லாமல் தனியார் குலுக்கல் நடத்துவது நாட்டில் எங்குமே குற்றம், நல்ல காரியத்துக்குப் போய் கோர்ட்டுப் படி ஏற வேண்டாம். நமக்கு ஏலம் போதும். ஏலம் என்றால் நம் ஆட்கள் எப்படி உற்சாகமாகிறார்கள் என்பதைக் கோயில் திருவிழா முடிந்து சாமிக்குச் சாத்திய புடவையை ஏலம் விடும்போது பார்க்க வேண்டும்.

அதோடு கையெழுத்துப் போர்வை. ஐந்தடி அகலம் ஆறடி நீளம் வைத்துக்கொள்ளுங்கள், ஓரடிக்கு ஓரடி கட்டம் என்றால் 30 கட்டம், கட்டத்துக்கு எட்டுப் பெயர் தைத்தால் 240 பெயர். ஒரு பெயருக்கு நூறு ரூபாய் என்றால் 24,000 ரூபாய், போர்வையை ஏலம் விடுவதற்கு முன்பே. கட்டத்தைச் சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்கு விட வேண்டும், அதாவது பன்னிரண்டரை அங்குலமாக வெட்ட வேண்டும், இதை எழுதாவிட்டால் ஆர்வத்தில் யாராவது பன்னிரண்டாகவே வெட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஆலையில் வேலை பார்த்தவர்களின் பெயர்களை மட்டுமே ஒரு போர்வையில் தைக்கலாம் என்று என் ஆசை. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் காசு கொடுத்துப் பெயர் கொடுக்கட்டும். அந்த ஒன்றை மட்டும் ஏலம் விட வேண்டாம், அது அந்த அறைக்கே போகட்டும்.

துணிக்குப் பஞ்சமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சண்டே மார்க்கெட்டில் ஏற்றுமதியில் கழித்த துணி குவியல் குவியலாகக் கிடக்கிறது. ஒவ்வொரு டெய்லர் கடையிலும் பிளவுஸ் வெட்டிய மிச்சம் மூட்டை கட்டிக் குப்பைக்குப் போகிறது. கடலூர்ப் பக்கம் குறிஞ்சிப்பாடிக்குப் போனால் கைலித் துண்டு கிடைக்கும், அந்தக் கட்டங்களை வைத்துத் தைத்தால் எந்த வெளிநாட்டு வடிவமும் பக்கத்தில் நிற்க முடியாது. பாலியஸ்டர் மட்டும் வேண்டாம், காட்டனோடு சேர்த்துத் தைத்தால் முதல் சலவையிலேயே காட்டன் சுருங்கி இது அப்படியே நின்று, போர்வை முகத்தைச் சுளிக்கும். எல்லாத் துணியையும் ஒரு முறை துவைத்துச் சாயம் போகிறதா பார்த்துவிட்டு வெட்டுங்கள், சிவப்பை நம்பவே நம்பாதீர்கள்.

1981இல் கென்டக்கி மாநிலத்தில் செய்த இன்னொன்றையும் நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் இருக்கிற பழைய போர்வையைக் கொண்டுவாருங்கள் என்று ஊர் ஊராக நாள் குறித்து அறிவித்தார்கள். கொண்டுவந்ததைப் படம் எடுத்து, அளவு குறித்து, யார் தைத்தது என்று எழுதிக்கொண்டு, போர்வையை அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பிறகு பல மாநிலங்கள் இதைப் பின்பற்றின. நாம் கண்காட்சியின் ஒரு நாளை இதற்கு ஒதுக்கலாம்: ஆலைத் துணி, பழைய கண்டாங்கி, பிரான்சுக்குப் போன சித்தப்பா அனுப்பிய லேஸ், கன்னியர் மடத்தில் அம்மா கற்றுக்கொண்டு போட்ட எம்பிராய்டரி மேசை விரிப்பு என்று எதுவானாலும் கொண்டுவரலாம். குளூனி கன்னியர்கள் இந்த ஊர்ப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த ஊசி வேலைக்கே ஒரு நூற்றாண்டுக்கும் மேலான கதை இருக்கிறது. யாரிடமும் எதையும் பிடுங்கிக்கொள்ள மாட்டோம் என்பதை நோட்டீசில் பெரிய எழுத்தில் போட வேண்டும், இல்லாவிட்டால் டிரங்குப் பெட்டி திறக்காது.

கூலி விஷயத்தையும் இப்போதே பேசிவிட வேண்டும். "சேவை" என்று சொன்னதும் பெண்கள் இலவசமாக உழைத்துக் கொட்ட வேண்டும் என்று எல்லோரும் முடிவு செய்துவிடுகிறார்கள். பென்ஷன் வாங்குகிறவர்கள், வசதி உள்ளவர்கள் சும்மா தைத்துக் கொடுக்கட்டும், அது அவர்கள் பங்கு. தையல் மெஷின் மிதித்துத்தான் வீட்டு வாடகை கட்டுகிறவர்களையும் மகளிர் குழுப் பெண்களையும் கூப்பிட்டால் நாள் கூலி கொடுத்துத்தான் கூப்பிட வேண்டும். அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்ற இடத்தில் கறுப்பினப் பெண்கள் வேலைக்குப் போட்டுக் கிழிந்த துணிகளில் தைத்த போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்கும் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்துக்கும் போய், 2006இல் அமெரிக்கத் தபால் தலையிலும் வந்தன. அப்புறம் அடுத்த ஆண்டே, எங்களுக்குச் சேர வேண்டிய பணம் சேரவில்லை என்று தைத்தவர்களில் சிலர் வழக்குப் போட்டார்கள். அது 2008இல் சமரசமாக முடிந்தது. புகழ் அருங்காட்சியகத்துக்கு, ஊசி குத்திய விரல் இவர்களுக்கு என்று ஆகக் கூடாது. ஏலத்தில் போகும் ஒவ்வொரு போர்வைக்கும் யார் தைத்தது, என்ன விலை போனது, தைத்தவருக்கு எவ்வளவு என்று வாசலில் எழுதி ஒட்ட வேண்டும்.

கடைசியாக ஒரு தலைவலி. அரசு அருங்காட்சியகத்துக்கு நாம் பணம் கொடுத்தால் அது எந்தத் தலைப்பில் போய் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. ஓர் இடத்தில், பெயர் வேண்டாம், கண்ணாடிப் பெட்டிகளுக்கு வெயில் படாமல் திரை தைத்துத் தருகிறேன், கூலி வேண்டாம் என்று ஒருமுறை சொன்னேன். மனுக் கொடுங்கள், கோப்பு மேலே போக வேண்டும் என்றார்கள். கோப்பு இன்னும் மேலேதான் போய்க்கொண்டிருக்கிறது. அந்த ஊழியர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, விதிமுறை அப்படி. அதனால் முதலில் பதிவு செய்த ஒரு சங்கம், அருங்காட்சியக நண்பர்கள் என்று ஏதாவது ஒரு பெயரில், தனி வங்கிக் கணக்கோடு வேண்டும், அரசோடு எழுத்தில் ஓர் ஒப்பந்தமும் வேண்டும். பணமாகக் கொடுக்காமல் பொருளாகவும் வேலையாகவும் கொடுப்பது இன்னும் நல்லது. பழந்துணியைக் காப்பதற்குப் பெரிய இயந்திரம் ஒன்றும் வேண்டாம். நன்றாகத் துவைத்த, சாயமும் கஞ்சியும் இல்லாத கோராத் துணியில் சுற்ற வேண்டும். மடித்தால் மடிப்பில் அறுந்துவிடும், உருளையில் சுற்றி வைக்க வேண்டும். வெளிச்சம் 50 லக்ஸுக்கு மேல் போகக் கூடாது, அதாவது சாயங்கால வீட்டு வெளிச்சத்தைவிட அதிகமாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எதையும் வருடக்கணக்கில் ஒரேயடியாகக் காட்சிக்கு வைக்காமல் எடுத்து ஓய்வு கொடுத்து மாற்றி மாற்றி வைக்க வேண்டும். நம் கடற்கரை ஈரக்காற்றில் பூஞ்சணமும் ராமபாணப் பூச்சியும் சேர்ந்துகொள்ளும், அதனால் மாதம் ஒருமுறை பிரித்துப் பார்க்க ஆள் வேண்டும். உறை, திரை, உருளைக்குப் பஞ்சு வைத்த மேலுறை, மாதப் பரிசோதனை, இவை எல்லாமே தையல் தெரிந்த கைகளால் ஆகிற வேலை. கண்காட்சியில் ஒரு ரூபாய்கூட வராமல் போனாலும் இந்த வேலையை நாங்கள் செய்து தர முடியும். கடலூர் அரசு அருங்காட்சியகத்துக்கும் அதே வண்டியில் போய்ச் செய்து கொடுக்கலாம், ஒரு மணி நேரப் பயணம்தானே.

இடத்துக்கு முருங்கப்பாக்கம் கைவினை கிராமம் பொருத்தமாக இருக்கும் என்பது என் எண்ணம், கம்பன் கலையரங்கம் என்றால் கூட்டம் வரும் ஆனால் வாடகை கொடுத்து முடியாது. ஐப்பசி கார்த்திகையில் வைக்கவே கூடாது, ஒரே மழையில் மொத்தத் துணியும் நாற்றமெடுத்துவிடும். பொங்கல் முடிந்து மாசி மகத்துக்குள் வைத்தால் வெயிலும் ஏறாது, வைத்திக்குப்பத்துக்குச் சாமி பார்க்க வருகிற கூட்டமும் எட்டிப் பார்க்கும். என் வகுப்புப் பெண்களில் சிலர் தங்கள் மெஷினையே கொண்டுவரத் தயாராக இருக்கிறார்கள். முதல் கட்டங்களுக்கு அப்பாவின் கடைசி தீபாவளித் துணியை வெட்டலாமா வேண்டாமா என்று வீட்டில் இன்னும் சண்டை நடக்கிறது, என் தங்கை கூடாது என்கிறாள், எனக்கும் அவள் பக்கம்தான் நியாயம் என்று படுகிறது, அதைப் படம் எடுத்துக் குறித்து வைத்தால் போதும். இடமோ, பெயர்ப் பட்டியலோ, ஆலைத் துணியோ வைத்திருப்பவர்கள் உங்கள் பத்திரிகைக்கே எழுதட்டும், நீங்கள் எங்களுக்குச் சேர்த்துவிட்டால் மேற்கொண்டு நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தையல் வகுப்பு நடத்தும் ஒரு வாசகி,
முதலியார்பேட்டை, புதுச்சேரி.